அந்தப் பாய்ச்சல் யாருடைய வேண்டுதல்?

ஆழ்வார்பேட்டையில் சென்ற வாரம் நடந்த திரையிடல் முடிந்ததும் வாசல் படிக்கட்டில் நின்றபடியே நாம் தொடங்கிய விவாதம், கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்ததால் பாதியில் நின்றுபோனது. மறுநாள் நீங்கள் எழுதி அனுப்பிய கேள்விகள் மூன்று. ஆங் லீ இயக்கி 2000-ஆம் ஆண்டு வெளிவந்த 'க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படத்தின் முடிவில் மலைப்பாலத்திலிருந்து குதிக்கும் ஜென் இறந்துவிடுகிறாளா என்பது முதல் கேள்வி. இறக்கவில்லை என்றால் அந்தக் குதிப்புக்கு என்ன மதிப்பு என்பது இரண்டாவது. கண்ணெதிரே குதிப்பவளை அவள் காதலன் லோ ஏன் தடுக்கவில்லை என்பது மூன்றாவது. மூன்றாவது கேள்வியைப் போகிறபோக்கில் சேர்த்ததுபோல எழுதியிருந்தீர்கள்; எனக்கு அதுவே மற்ற இரண்டுக்கும் திறவுகோலாகத் தெரிகிறது.

படத்தை அன்று பார்க்காத நண்பர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கதையின் கடைசிப் பகுதியை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆளுநரின் மகளான ஜென், 'கிரீன் டெஸ்டினி' என்னும் பழம்பெரும் வாளைத் திருடியவள். மணநாளன்றே புகுந்த வீட்டைவிட்டு ஓடியவள். அவளுக்குக் குழந்தைப் பருவத்திலிருந்தே இரகசியமாக வாள்வித்தை கற்பித்த ஜேட் ஃபாக்ஸ், தன்னைவிட மாணவி உயர்ந்துவிட்டாள் என்ற ஆத்திரத்தில் அவளைக் கொல்ல நினைத்து நச்சூசிகளை ஏவ, குறுக்கே நின்று அவற்றைத் தடுக்கும் மாவீரன் லி மூ பாய் ஓர் ஊசி தைத்து விழுகிறான். மாற்று மருந்து கொண்டுவர விரைந்த ஜென் திரும்பி வருவதற்குள், வாழ்நாள் முழுவதும் சொல்லாமல் வைத்திருந்த காதலைத் தோழி ஷூ லியனிடம் சொல்லிவிட்டு அவன் உயிர் துறக்கிறான். ஷூ லியன் அந்த வாளை ஜென்னின் கழுத்தை நோக்கி வீசி, வெட்டாமல் நிறுத்தி, லோ காத்திருக்கும், வாள்வித்தைக்குப் பேர்போன மடம் உள்ள வூடாங் மலைக்குப் போகச் சொல்கிறாள். லோ பாலைவனக் கொள்ளைக்காரன், ஜென்னின் காதலன். வூடாங்கில் அவர்கள் ஓரிரவு சேர்ந்திருக்கிறார்கள். காலையில் அவள் பக்கத்தில் இல்லாததைக் கண்டு அவன் வெளியே வரும்போது அவள் பாலத்தில் நிற்கிறாள். முன்பு நீ சொன்ன கதை நினைவிருக்கிறதா என்று கேட்கிறாள். மனம் உண்மையாக இருந்தால் நினைத்தது நடக்கும் என்று அவன் அக்கதையின் முடிவைச் சொல்கிறான். ஏதேனும் வேண்டிக்கொள் என்கிறாள். இருவரும் சேர்ந்து பாலைவனத்துக்கே திரும்பிப் போக வேண்டும் என்று அவன் வேண்டுகிறான். அவள் குதிக்கிறாள். மேகத்தினூடே மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கிறாள். தரை நமக்குக் காட்டப்படுவதில்லை.

லோ சொன்ன அந்தக் கதையைச் சற்று உன்னிப்பாகக் கேட்க வேண்டும். பாலைவனத்தில் அவர்கள் இருந்த நாட்களைக் காட்டும் நெடிய பின்னோக்குப் பகுதியில் அது வருகிறது. மலையிலிருந்து குதிக்கத் துணிந்தவனின் வேண்டுதலைத் தெய்வம் நிறைவேற்றும் என்பது அவன் ஊர் நம்பிக்கை. நெடுங்காலத்துக்கு முன் ஓர் இளைஞன், பெற்றோர் நோயுற்றிருந்ததால் குதித்தான். அவன் சாகவில்லை, காயம்கூடப் படவில்லை. மிதந்து வெகுதூரம் போய்விட்டான். திரும்பி வரவே இல்லை. ஆனால் தன் வேண்டுதல் பலித்தது என்று அவனுக்குத் தெரியும். இவ்வளவுதான் கதை. அன்றைக்குத் திரையரங்கின் இருட்டில் இதைக் கேட்டபோது நம்மில் பெரும்பாலோர் 'சாகவில்லை' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டோம் என்று நினைக்கிறேன். 'திரும்பி வரவில்லை' என்பதும் அதே மூச்சில்தான் சொல்லப்படுகிறது.

ஆங்கிலத் துணைவரிகளில் பார்த்தவர்களுக்கு இங்கே ஒரு சிறு இழப்பு உண்டு. லோவிடம் ஜென் கேட்பது, ஆங்கிலத்தில் பிறந்தநாள் மெழுகுவர்த்தியை ஊதும்போது சொல்லும் அதே சொல்லாக வருகிறது. அதனால் அது ஓர் ஆசையாக, ஒரு விருப்பமாகக் காதில் விழுகிறது. சீன மொழியில் உள்ள சொல்லோ, கோயிலில் நின்று தெய்வத்தின் முன் நேர்ந்துகொள்வதையும் குறிக்கும். தமிழில் அதற்குச் சரியான சொல் நம் வீடுகளிலேயே புழங்குகிறது: வேண்டுதல். வேண்டுதலுக்குப் பின் ஒரு கடன் நிற்கிறது. அதைத்தான் நேர்த்திக்கடன் என்கிறோம். படத்தின் முடிவை ஆங்கில விமரிசனங்கள் வழியாக அணுகுவதைவிட இந்த இரண்டு சொற்களின் வழியாக அணுகுவது நமக்கு எளிது என்பது என் கருத்து.

எனக்கு ஏழு வயதில் டைஃபாய்டு வந்து நாற்பது நாள் படுத்திருந்தேன். என் தாயார் வடபழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டார். வேண்டிக்கொண்டவர் அவர், மொட்டை போட்டுக்கொண்டவன் நான். அதை எங்கள் வீட்டில் யாரும் விந்தையாக நினைக்கவில்லை. ஒருவர் வேண்ட, மற்றொருவர் உடல் அந்தக் கடனைத் தீர்ப்பது நம் ஊரில் அன்றாடம் நடப்பது. அண்ணனுக்காகத் தங்கை அலகு குத்திக்கொள்வதும், பேரனுக்காகப் பாட்டி தீமிதிப்பதும் நாம் அறிந்தவையே. பாலத்தில் நடப்பதை இந்தக் கண்ணோடு பார்த்தால், பழைய கதையிலிருந்து ஜென் செய்யும் ஒரே மாற்றம் உடனே புலப்படும். கதையில் வேண்டுபவனும் குதிப்பவனும் ஒருவனே. இங்கே அவள் தனக்கென எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டுதலை லோவிடம் விட்டுவிட்டு, கடனை மட்டும் தான் எடுத்துக்கொள்கிறாள்.

ஜென் யார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும். படம் முழுவதும் அவள் எடுத்துக்கொள்பவள். வாளை எடுத்துக்கொண்டாள். ஜேட் ஃபாக்ஸ் வூடாங்கிலிருந்து திருடிவந்த வித்தை ஏட்டின் பொருளையும் எடுத்துக்கொண்டாள். ஆசிரியைக்கு எழுத்து தெரியாததால் அவள் படங்களை மட்டும் பார்த்துப் பயில, எழுத்தறிந்த மாணவி உட்பொருளைப் படித்து அதை மறைத்துவைத்துக்கொண்டாள். லோ பறித்துச் சென்ற சீப்புக்காகப் பாலைவனம் முழுக்கத் துரத்திய அந்தப் பெண், தன் கையைவிட்டு எதையும் போகவிடாதவள். அவள் முதன்முதலாக இன்னொருவருக்காகச் செய்ய முயன்றது மாற்று மருந்து கொண்டுவருவது. அதிலும் காலம் கடந்துவிட்டது. பாலத்தில் நடப்பது இரண்டாவது முயற்சி.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். படத்தில் ஜென் இரண்டு முறை குதிக்கிறாள் என்பதை விவாதத்தில் யாரும் குறிப்பிடவில்லை. மூங்கில் காட்டுச் சண்டைக்குப் பிறகு, அருவியருகே பாறை மேல், 'மண்டியிட்டு என்னைக் குருவாக ஏற்றுக்கொள்' என்கிறான் லி மூ பாய். அவள் மறுக்கிறாள். அப்படியானால் இந்த வாளால் உனக்குப் பயனில்லை என்று அவன் அதை நீரில் எறிய, அடுத்த கணமே அவளும் அதன் பின்னால் பாய்கிறாள். அந்தக் குதிப்பில் அவள் உடல் அம்புபோல விரைகிறது. கை வாளை நோக்கி நீள்கிறது. கடைசிக் குதிப்பில் உடல் மிக மெதுவாகச் சாய்கிறது, கைகள் விரிந்திருக்கின்றன, அவற்றில் எதுவும் இல்லை. இந்த இரண்டையும் எதிரெதிரே வைப்பதற்காகவே முதலாவது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதைத்தான் உங்கள் இரண்டாவது கேள்வி கேட்கிறது. கூரைக்குக் கூரை தாவுகிற, குளத்து நீரின் மேல் ஓடுகிற, மூங்கில் நுனியில் நிற்கிற ஒருத்திக்கு மலையிலிருந்து குதிப்பதில் என்ன ஆபத்து? பத்திரமாக இறங்கிவிட முடியும் என்றால் அது நேர்த்திக்கடனே ஆகாது. விக் வைத்துக்கொண்டு மொட்டை போட்டதாகக் கணக்குச் சொல்வதுபோல. ஆனால் யுவென் வூ பிங் அமைத்த சண்டைகளில் இந்தப் பறத்தல் எப்படி நடக்கிறது என்று கவனியுங்கள். சீனர்கள் இதை உடலை இலேசாக்கும் வித்தை என்பார்கள். அதில் ஒவ்வொரு எழுச்சிக்கும் ஓர் ஊன்றுகோல் தேவைப்படுகிறது: சுவர், ஓடு, கிளை, எதிராளியின் தோள், மிகக் குறைந்தது நீர்ப்பரப்பு. கால் எதையாவது உதைத்த பின்னரே உடல் எழும்புகிறது. கடைசிக் காட்சியில் அவள் எதையும் உதைக்கவில்லை. பாலத்தின் விளிம்பைத் தாண்டி உடலைக் காற்றிடம் கொடுத்துவிடுகிறாள். தெரிந்த வித்தையைப் பயன்படுத்தாமல் விடுவதே அவள் கொடுக்கும் விலை. ஆகவே அவள் பிழைத்திருந்தால் அது வித்தையால் பிழைத்ததாகாது. வேண்டுதல் பலித்ததால் பிழைத்ததாகும்.

அந்தப் படத்தில் சாவு எப்படிக் காட்டப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லி மூ பாய் சாகும்போது அவன் உடலின் முழு எடையையும் ஷூ லியனின் கைகளில் உணர்கிறோம். ஜேட் ஃபாக்ஸ் விழுகிறாள், பேசுகிறாள், அடங்குகிறாள். படத்தின் முற்பகுதியில் கொல்லப்படும் காவல் அதிகாரிக்குக்கூட ஒரு சடலமும் அழும் மகளும் இருக்கிறார்கள். சாவை இவ்வளவு எடையோடு காட்டுகிற இயக்குநர், ஜென்னுக்கு மட்டும் எடையே இல்லாத ஒரு வீழ்ச்சியைக் கொடுத்திருக்கிறார். அவள் செத்தாள் என்று சொல்ல விரும்பியிருந்தால் சொல்வதற்கு அவரிடம் மொழி இருந்தது; அதை அவர் இங்கே பயன்படுத்தவில்லை. இதை நிரூபணம் என்று சொல்லமாட்டேன். ஆயினும் ஒரு படத்தைப் படிக்க அதன் சொந்த இலக்கணத்தைவிட நம்பகமான கருவி வேறில்லை.

மூல நாவல் என்ன சொல்கிறது என்று அன்று ஒருவர் கேட்டார். வாங் டூலூ எழுதிய ஐந்து நாவல்களின் வரிசையில் இது நான்காவது. அதிலும் அவள் மலையிலிருந்து குதிக்கிறாள். ஆனால் இடம் வூடாங் அன்று, பெய்ஜிங்குக்கு அருகிலுள்ள மியாவ்ஃபெங் மலை. நோயுற்ற தந்தைக்காகச் செய்துகொண்ட நேர்த்திக்கடன் என்று ஊருக்குச் சொல்லிவிட்டுக் குதிக்கிறாள். உண்மையில் அது பெருங்குடும்பத்தின் பிடியிலிருந்து செத்ததுபோல் காட்டித் தப்பிக்கும் உபாயம். அதன் பிறகு காதலனோடு ஓரிரவு இருந்துவிட்டு அவனையும் பிரிந்து போகிறாள். ஐந்தாம் நாவலில் அவளுக்கு ஒரு மகன் இருக்கிறான். எனவே நாவலின்படி அவள் சாகவில்லை என்பது உறுதி. ஆனால் இதைக் கொண்டுவந்து படத்தின் மேல் ஒட்டுவதை நான் ஏற்கவில்லை. நாவலில் முதலில் குதிப்பு, பிறகு ஓரிரவு, பிறகு பிரிவு. வாங் ஹுவெய் லிங், ஜேம்ஸ் ஷாமஸ், சாய் குவோ ஜுங் ஆகிய மூவரும் எழுதிய திரைக்கதையில் அந்த ஓரிரவு முன்னே வந்துவிடுகிறது. குதிப்பும் பிரிவும் ஒன்றாகிவிடுகின்றன. நாவலின் தந்திரத்தைத் திரைக்கதை நேர்மையான செயலாக மாற்றியிருக்கிறது என்று சொல்லலாம். தழுவலில் இதைவிட நல்ல மாற்றம் அந்தப் படத்தில் வேறொன்றும் இல்லை.

குதித்து நேர்த்திக்கடன் தீர்ப்பது எழுத்தாளரின் கற்பனை மட்டும் அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். சீனாவின் தாய்ஷான் மலையில் 'உடல் துறக்கும் பாறை' என்றே ஓரிடம் உண்டு. பெற்றோரின் நோய் தீர்வதற்காகப் பிள்ளைகள் அங்கிருந்து குதித்ததால், மிங் அரசர் காலத்தில் அதிகாரிகள் அங்கே சுவர் எழுப்பித் தடுத்து, 'உடலைப் பேணும் பாறை' என்று பெயரையும் மாற்றினார்கள். லோ சொல்லும் கதையில் வரும் இளைஞன் இந்த வழக்கத்தின் பிள்ளை. அப்படிக் குதித்தவர்கள் உண்மையில் செத்தார்கள் என்பதும், கதையில் வருபவன் மட்டும் மிதந்து போனான் என்பதும் நாம் ஒருசேர நினைவில் கொள்ள வேண்டியவை. துயரத்தைத் தாங்கமுடியாமல் மக்கள் கதையை மாற்றிச் சொன்னார்களோ என்ற ஐயம் எனக்கு எப்போதும் உண்டு. அந்த ஐயம் பாலத்துக் காட்சியின் மேலும் ஒரு நிழலாக விழுகிறது.

நமக்கும் இது புதிதன்று. துணையை இழந்த மந்தி, வளராத குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு உயர்ந்த மலைச்சரிவிலிருந்து பாய்ந்து உயிர்விடும் காட்சி குறுந்தொகையில் இருக்கிறது. மலையிலிருந்து ஒருத்தி பாய்ந்தால் அது சாவு என்று நம் மனம் உடனே முடிவுகட்டுவதற்கு இப்படிப்பட்ட நினைவுகளும் காரணமாக இருக்கலாம். ஆனால் கண்ணகியும் நம்மிடம் இருக்கிறாள். மதுரையை எரித்தபின் சேரநாட்டு மலையேறி வேங்கை நிழலில் நின்றவள், பதினான்காம் நாள் கணவனோடு வானேறியதாகக் குறவர்கள் சொல்கிறார்கள். அவள் செத்தாள் என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை. பிழைத்திருந்தாள் என்றும் சொல்வதில்லை. ஜென்னின் குதிப்பைக் கண்ணகியின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. வூடாங் தாவோ நெறியின் மலை என்பதும், சாகாமலேயே உலகைவிட்டு நீங்கிச் செல்லும் அமரர்களைப் பற்றிய கதைகள் அந்நெறியில் நிறைந்திருக்கின்றன என்பதும் இதற்குத் துணை நிற்கின்றன.

குற்றவுணர்ச்சியால் தற்கொலை செய்துகொண்டாள் என்ற கருத்தைத் தாங்கள் அன்று வலியுறுத்தினீர்கள். அதை முழுதும் தள்ளிவிட முடியாது. தனக்கென ஏவப்பட்ட நஞ்சினால் ஒருவன் செத்தான் என்ற எண்ணம் அவளைத் தூங்கவிட்டிருக்காது. ஆனால் தன்னைத் தண்டித்துக்கொள்ளப் போகிறவள் காதலனை அழைத்து, வேண்டிக்கொள் என்று கேட்கமாட்டாள், தனிமையில் போயிருப்பாள். ஷூ லியன் வாளை நிறுத்தியபோதே அவளுக்குரிய தண்டனையும் நிறுத்தப்பட்டுவிட்டது. எந்தப் பாதையில் போனாலும் உனக்கு நீ உண்மையாக இரு என்றுதான் அவள் ஜென்னிடம் சொல்லி அனுப்புகிறாள். செத்துப்போ என்று சொல்லவில்லை.

ஆக, என் கருத்தைக் கேட்டால், ஜென் சாகவில்லை. லோவிடம் திரும்பியும் வரவில்லை. இங்கேதான் முடிவின் உண்மையான சிக்கல் இருக்கிறது. அது உயிரா சாவா என்பதில் இல்லை. லோ வேண்டியது இருவரும் சேர்ந்து திரும்ப வேண்டும் என்பதை. குதித்தவன் திரும்பி வருவதில்லை என்பது கதையின் விதி. வேண்டுதல் பலித்தால் விதி பொய்க்கும். விதி நின்றால் வேண்டுதல் பலிக்காது. இரண்டையும் ஒரே குதிப்பில் ஏற்றிவிட்டு, எது வென்றது என்று தெரிவதற்கு முன்பே படம் முடிந்துவிடுகிறது. அவள் இதை அறியாமல் செய்தாள் என்று நான் நினைக்கவில்லை. மகளாக, மணப்பெண்ணாக, மாணவியாக, தங்கையாக, மனைவியாக ஆளுக்கொரு பெயர் சொல்லி அவளைத் தம்மிடம் இருத்திக்கொள்ளப் பார்த்தவர்களில் லோவும் ஒருவன். மிகவும் அன்பானவன் என்பதே வேறுபாடு. அவன் கேட்பதைத் தர வேண்டும் என்றும், தந்தால் தான் இல்லாமற்போவோம் என்றும் ஒரே நேரத்தில் அறிந்த ஒருத்திக்கு அந்தப் பாலத்தில் வேறு வழி இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். படத்தின் பெயரிலேயே அவர்கள் இருவரும் ஒளிந்திருக்கிறார்கள்: சீனத்தில் அவள் பெயர் ஜியாவ்லோங், அதில் 'லோங்' என்பது டிராகன்; அவன் பெயர் ஸியாவ்ஹு, அதில் 'ஹு' என்பது புலி. புலி பதுங்கியே இருக்க, டிராகன் மறைந்துபோகிறது.

கடைசியாக, லோ ஏன் தடுக்கவில்லை என்ற கேள்வி. அவன் நின்ற இடம் எட்டிப் பிடிக்கும் தூரம்தான். அதனால் அவன் செயலற்று நின்றது பலருக்கு எரிச்சலூட்டுகிறது. வேண்டிக்கொண்டவன் அவன் என்பதை மறந்துவிடுவதால் வரும் எரிச்சல் அது. மனம் உண்மையாக இருந்தால் பலிக்கும் என்று தன் வாயாலேயே சொல்லி, வேண்டுதலையும் சொன்னவன், அடுத்த நொடியே கையை நீட்டி அவளைப் பிடித்திருந்தால், தான் சொன்னதைத் தானே நம்பவில்லை என்று ஆகியிருக்கும். வடபழனியில் நாவிதர் என் தலையை நனைத்துக் கத்தியை வைத்தபோது நான் பயந்து அழுது தாயாரை நோக்கிக் கையை நீட்டினேன். இரண்டடி தூரத்தில், துண்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவரும் அழுதுகொண்டுதான் நின்றார், பக்கத்தில் வரவில்லை.